கல்யாணமில்லாத குரவை

புரொக்ரேஸோ துறைமுகம், மெக்ஸிக்கோ
12.02.1984

அன்பின் தங்கச்சி ஸகியாவுக்கு,

காக்கா ஜெமீலின் ஸலாம் உனக்கும், ஷரிபுதீன் மச்சானுக்கும், சின்னவள் சுல்பிகாவுக்கும். என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மனதுக்குத்தான் வேலை இல்லை. எங்கள் கப்பலைத் துறைமுகக்காரர்கள் பிடித்து வைத்துவிட்டார்கள். முதலாளி மேல் ஏதோ வழக்காம். அது முடியும்வரை கப்பலும் அசையாது, நாங்களும் அசைய முடியாது. எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிறவனுக்கு ஓடாத எஞ்சினோடு என்ன சோலி?

சும்மா கிடந்து துருப்பிடிக்காமல் நானும் கப்பல் சமையற்காரனான பிலிப்பீன்காரனும் பஸ் ஏறி ஒரு பழைய நகரம் பார்க்கப் போனோம். சிச்சென் இட்ஸா என்று பெயர். ஆயிரம் வருஷத்துக்கு முன் மாயர் என்ற சனம் கட்டியது. உன் காக்கா ஓலைத் தொப்பி போட்டு, டிக்கட் எடுத்து, வெள்ளைக்காரக் கிழவிகளுக்கு நடுவே டூரிஸ்டாக நின்றதை நீ பார்த்திருந்தால் சிரித்தே செத்திருப்பாய்.

பெரிய கல் கோபுரம். படிகள் செங்குத்து, சங்கிலியைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். உச்சியில் நின்று பார்த்தால் நாலு பக்கமும் காடு. கீழே ஒரு பந்தாட்ட மைதானம். சுவரில் தலையில்லாத ஒருவன் முழங்காலில் நிற்கிறான், அவன் கழுத்திலிருந்து இரத்தம் பீறிடுகிறது. எதிரே இன்னொருவன் அந்தத் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பக்கத்திலேயே மண்டையோடு மண்டையோடாகச் செதுக்கிய நீள மேடை. வெட்டிய தலைகளை அங்கேதான் கம்பில் குத்தி வைத்தார்களாம். கொஞ்சத் தூரத்தில் ஒரு மாபெரும் கிணறு, பச்சைத் தண்ணீர். மழை பெய்யாவிட்டால் ஆட்களைப் பிடித்து அதற்குள் போட்டார்களாம். பிலிப்பீன்காரன் சிலுவை போட்டுக்கொண்டான். நான் பிஸ்மி சொல்லிக்கொண்டு சோளரொட்டியும் முட்டையும் தின்றேன்.

மச்சான் உன்னை ராணி மாதிரி வைத்திருப்பார் என்று தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்த சிநேகிதனைத்தானே உனக்கு மாப்பிள்ளையாக்கினேன். உம்மா உனக்கு எழுதிவைத்த வீட்டின் கூரையை மழைக்கு முன் பார்த்துக்கொள்.

துஆவுடன்,
காக்கா ஜெமீல்

* * *

சாய்ந்தமருது
25.03.1984

அன்புள்ள காக்காவுக்கு,

ஸகியா ஸலாம் கூறி எழுதுவது. உங்கள் கடிதம் கண்டு மனம் குளிர்ந்தது. இங்கே எல்லோரும் சுகம். சுல்பிகா சுவரைப் பிடித்து நடக்கிறாள். அவர் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போய் வருகிறார், என்னை நன்றாக வைத்திருக்கிறார். கிணற்றடியில் வழுக்கிக் கை பிசகிவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் கோபிக்க வேண்டாம்.

நீங்கள் பார்த்த அந்த நகரத்தைப் பற்றி இன்னும் எழுதுங்கள். அந்தக் கிணற்றில் பெண்பிள்ளைகளையும் போட்டார்களா? தாமாக நடந்து போனார்களா, பிடித்துத் தள்ளினார்களா? தள்ளும்போது ஊர்ச்சனம் என்ன செய்தது? அந்தப் பெண்களுக்குக் காக்கா தம்பி என்று யாரும் இருக்கவில்லையா? வழிகாட்டியிடம் கேட்டு எழுதுங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஸகியா

மச்சானுக்கு ஷரிபுதீன் எழுதுவது: உங்கள் தங்கையின் கடிதத்தைப் பிழை திருத்தியே அனுப்புகிறேன். கல்லையும் கிணற்றையும் பற்றிக் கேட்கிறாளே, குழந்தைப் புத்தி. ஒரு விஷயம். ஆண்பிள்ளை ஒருவன் பெண்சாதி பெயரிலுள்ள வீட்டில் விருந்தாளி போல எத்தனை காலம் இருப்பது? என் ஊர் மருதமுனையில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். வீட்டை என் பெயருக்கு மாற்றினால் அதை விற்றுக் கல்முனையில் ஒரு கடை போடலாம். வீட்டு உறுதிப் பத்திரத்தில் ஒப்பம் வைக்கச் சொல்லி அவளுக்கு நீங்களும் இரண்டு வார்த்தை எழுதுங்கள்.

* * *

புரொக்ரேஸோ
06.05.1984

அன்பின் தங்கச்சிக்கு,

உன் சுகம் அறிந்து சந்தோஷம். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, வேறு நோய் நொடி இல்லை. கைக்கு நல்லெண்ணெய் தடவு. கண்ணை எங்கே வைத்துக்கொண்டு நடக்கிறாய்?

நீ கேட்டதற்காகவே மறுபடி போனேன். வழிகாட்டி மாயர் இனத்துக் கிழவன், அரைகுறை இங்கிலீஷ் பேசுகிறான். பெண்பிள்ளைகளையும் போட்டார்களாம். விடியற்காலையில் அலங்கரித்துக் கூட்டிவந்து பிடித்துத்தான் தள்ளினார்களாம். ஊர்ச்சனம் விளிம்பில் நின்று மேளம் அடித்ததாம். காக்கா தம்பிமாரைப் பற்றிக் கேட்டேன். அவர்களும் அந்தக் கூட்டத்துக்குள்தான் நின்றிருப்பார்கள் என்றான். பிறகு உஷ்மால் என்ற இன்னோர் இடத்துக்கும் போனோம். அங்கே கல்லுக்குக் கல் உடும்பு படுத்துக்கிடக்கிறது.

மச்சான் எழுதியதை வாசித்தேன். படித்த மனுசன், உன் நன்மைக்குத்தான் சொல்வார். நீ சின்ன வயதிலிருந்தே பிடிவாதக்காரி. அவரோடு மல்லுக்கட்டாதே. மச்சான், நீங்களும் கொஞ்சம் பொறுமையாகக் கதையுங்கள்.

பிள்ளைக்கு என் முத்தம்.

காக்கா ஜெமீல்

* * *

சாய்ந்தமருது
20.06.1984

அன்புள்ள காக்காவுக்கு,

ஸலாம். ஊரடங்குச் சட்டத்தால் உங்கள் கடிதம் சுணங்கித்தான் கிடைத்தது. சுகமாக இருக்கிறேன். நீங்களும் சுகமாக இருங்கள்.

மேளம் அடித்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தள்ளப்பட்டவள் கத்துவது வெளியே கேட்காமல் இருக்கத்தான் அடித்தார்கள் என்று நினைக்கிறேன். ஒருத்தியாவது அந்தக் கிணற்றிலிருந்து உயிரோடு மேலே வந்தாளா? அதை மட்டும் கேட்டு எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.

ஸகியா

மச்சானுக்கு: ஸகியாவுக்குப் பல்வலி. முன்பல் இரண்டு போய்விட்டன. அதனால்தான் கடிதம் சுருக்கம். ஒப்பம் இன்னும் வைக்கவில்லை. நான் பொறுமையாகத்தான் இருக்கிறேன். ஷரிபுதீன்.

* * *

சாய்ந்தமருது
11.07.1984

ஜெமீல் மனே,

பக்கத்து வளவு ஸைனம்பு மாமி கதைக்கிறன். எனக்கு எழுதத் தெரியா, நான் வாயால செல்லச் செல்ல மகள் கமீலா எழுதுறா. நீ எப்பிடி மனே இரிக்காய்? நேரத்துக்குத் தின்னுறியா?

உன்ட தங்கச்சிக்குப் பல்லுவலியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. மாஸ்டர் அடிச்சி விழுந்த பல்லு. கை பிசகினதும் கிணத்தடியில இல்ல. அவரு முறுக்கினது. வீட்டு உறுதியில ஒப்பம் வெக்கட்டாம். இவ, "இது என்ட மகள்ட வீடு, செத்தாலும் வெக்கமாட்டன்" எண்டு நிக்கா. நம்மட ஊருல பொம்புளப் புள்ளைக்கி வீடுதானே மனே எல்லாம். அது போனா நாளைக்கி சுல்பிகாவ ஆரு கலியாணம் முடிப்பான்?

கதவப் பூட்டிப்போட்டு ரேடியோச் சத்தத்தக் கூட்டி வெச்சித்தான் அடிக்கிற. நாங்க போய்த் தட்டினா, வெள்ளைச் சேட்டப் போட்டுக்கிட்டுச் சிரிச்சிக்கிட்டு வாறாரு. "என்ன மாமி, ஏதும் வேணுமா" எண்டு கேக்காரு. நம்மட குடிக்கிப் பெரிய மனுசன் எண்டு அச்சிமுகம்மது மரைக்காருக்கிட்டயும் சென்னன். "மாஸ்டரா? நம்ப ஏலா" எண்டுட்டாரு. வாப்பாவும் உம்மாவும் மௌத்தாப்போன புள்ளைக்கி நீதானே மனே இரிக்காய்.

அவ எழுதுற எல்லாத்தையும் அவரு வாசிச்சித்தான் போடுறாரு. அதனாலதான் கல்லப் பத்தியும் கிணத்தப் பத்தியும் கேக்கா. நீயும் அவக்கு எழுதினா அதப் பத்தியே எழுது. ஆனா அவருக்கு நேர ஒண்டு எழுது மனே. ஆம்புள ஒருத்தன் கேட்டாத்தான் அவரு அடங்குவாரு.

அல்லா உன்னக் காப்பாத்தட்டும்.

ஸைனம்பு மாமி

* * *

புரொக்ரேஸோ
19.08.1984

மதிப்புக்குரிய ஸைனம்பு மாமிக்கு,

ஜெமீலின் ஸலாம். உங்கள் கால் வலி எப்படி? கமீலாவையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு சோறு இறங்கவில்லை. கப்பலை விட்டு இறங்கி ஓடி வந்துவிடலாமென்றால் என் பாஸ்போர்ட்டும் துறைமுகக்காரரிடம் இருக்கிறது. மச்சானுக்கு நான் கடுமையாக எழுதினால் அந்தக் கோபத்தை அவர் அவள் மேல்தான் தீர்ப்பார். ஆகையால் ஸகியாவுக்கு மட்டும் எழுதியிருக்கிறேன். இங்குள்ள பழைய சனத்தின் வழக்கம் ஒன்று அதில் இருக்கிறது. அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஜெமீல்

* * *

புரொக்ரேஸோ
19.08.1984

அன்பின் தங்கச்சிக்கு,

நான் நலம். மச்சானுக்கும் என் ஸலாமைச் சொல். பல்வலிக்குக் கிராம்பு வை.

நீ கேட்டதைக் கேட்டேன். ஓம், ஒருத்தி மேலே வந்தாளாம். வழிகாட்டிக் கிழவன் கிணற்று விளிம்பில் குந்தியிருந்து சொன்னான். அவள் பெரிய வீட்டுக்காரி. அந்த நகரத்திலும் நம் ஊரைப் போல வீடு பெண்ணுக்குத்தானாம், மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவானாம். அவளுடைய மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு ஆசைப்பட்டு அவளைக் கிணற்றில் தள்ளிவிட்டான். அவள் மத்தியானம்வரை நீந்தி, வேரைப் பிடித்து ஏறி வந்துவிட்டாள். வந்த பிறகு ஊருக்கு ஒரு சட்டம் போட்டாள்.

அந்தப் பெண்கள் நம் பெண்களைப் போலவே கல்யாணத்துக்குக் குரவை இடுவார்களாம். அதே நாக்கு, அதே சத்தம். அவளுடைய சட்டம் இதுதான்: எந்த வீட்டில் பெண்ணின் மேல் கை விழுகிறதோ, பக்கத்து வீட்டுக்காரி உடனே குரவை இட வேண்டும். அது கேட்ட வீட்டுக்காரி அடுத்தது இட வேண்டும். அழுகைச் சத்தத்துக்கு ஆண்கள் வரமாட்டார்கள். கல்யாணச் சத்தத்துக்கு ஊரே வரும். வந்த சனத்துக்கு முன்னால் பெண்கள் உலக்கையால் நீதி சொல்வார்களாம். அதையும் ஒரு சுவரில் செதுக்கியிருக்கிறார்கள். அவள் மூக்கில் மூக்குத்தி, காலில் தண்டை, கையில் உலக்கை. நான் தடவிப் பார்த்தேன், கல் சுட்டது.

வேடிக்கையான சனம். மச்சானுக்கும் வாசித்துக் காட்டு, சிரிப்பார்.

காக்கா ஜெமீல்

* * *

சாய்ந்தமருது
30.09.1984

அன்பு மச்சான் ஜெமீலுக்கு,

ஷரிபுதீன் ஸலாமுடன் வரைவது. தாங்கள் உடல் நலத்துடனும் உள நிறைவுடனும் வாழ இறைஞ்சுகிறேன்.

குரவைக் கதை நல்ல நகைச்சுவை. மா இடிக்க வந்திருந்த அயல் பெண்களுக்கு நானே உரத்து வாசித்துக் காட்டினேன். வாய் பிளந்து கேட்டார்கள். ஆனால் இனி இப்படியான கதைகள் வேண்டாம். அவள் மனம் வீட்டு வேலையில் நிற்பதில்லை. ஏதும் எழுதுவதானால் எனக்கு எழுதுங்கள், அவளுக்குச் சொல்ல வேண்டியதை நான் சொல்லிக்கொள்கிறேன். அவளும் இனி எழுதமாட்டாள்.

ஒப்ப விஷயத்தை இந்த வருஷத்துக்குள் முடிக்கத் தீர்மானித்துவிட்டேன். நுகத்துக்குப் பணியாத மாட்டை என்ன செய்ய வேண்டுமென்று எனக்குத் தெரியும். மூத்தவர் என்ற முறையில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

தங்கள் மச்சான்,
ஷரிபுதீன்

* * *

புரொக்ரேஸோ
04.11.1984

அன்பு மச்சானுக்கு,

ஜெமீலின் ஸலாம். உங்கள் சுகத்தை அறிய ஆவல். நான் எழுதிய கதையால் உங்கள் மனம் நொந்திருந்தால் கோபிக்க வேண்டாம். வேலையில்லாமல் கிடக்கிறவன் கிறுக்கியது. கல்லைப் பார்த்துப் பார்த்து எனக்கும் மூளை கல்லாகிவிட்டது. இனி எழுதமாட்டேன்.

உறுதி விஷயம் உங்கள் வீட்டு விஷயம். நான் கடலில் கிடப்பவன், அதில் என்ன சொல்ல இருக்கிறது? பெண்பிள்ளைகளுக்கு அதிகம் இடம் கொடுக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியாததல்ல. ஆனாலும் நம் பழைய சிநேகத்தை நினைத்துக் கொஞ்சம் மெதுவாக நடந்துகொண்டால் நல்லது. பிழையாக எழுதியிருந்தால் கோபிக்க வேண்டாம்.

வரும்போது உங்களுக்கு ஒரு கைக்கடிகாரம் கொண்டுவருகிறேன்.

மச்சான் ஜெமீல்

* * *

சாய்ந்தமருது
16.12.1984

காக்காவுக்கு,

ஸகியா எழுதுவது. இந்தக் கடிதத்தைப் பிழை திருத்த யாருமில்லை. சுல்பிகா சுகம். என் வலது கைச் சின்னவிரல் இனி மடங்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மற்றபடி நானும் சுகம்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஜும்ஆத் தொழுகையிலிருந்து நேரத்தோடு வந்தார். கதவைப் பூட்டினார், ரேடியோவைக் கூட்டினார். மேசையில் உறுதியை விரித்துப் பேனையை என் கையில் திணித்தார். "வெக்கிறியா?" என்றார். "மாட்டன்" என்றேன். சின்னவிரலைப் பிடித்துப் பின்னால் வளைத்தார். மறுபடி கேட்டார். மறுபடி மாட்டேன் என்றேன். விரல் முறிந்தது. பிறகு இடுப்புப் பட்டியைக் கழற்றி, கொக்கி இருக்கிற பக்கத்தால் அடித்தார். தலைமுடியைப் பிடித்து மேசை விளிம்பில் மோதினார். என் இரத்தம் உறுதியில் வடிந்தது. கடதாசி பழுதாகிவிட்டதென்று அதற்கும் அடித்தார். பிள்ளை மூலையில் நின்று கத்தினாள். அவளைக் காலால் தள்ளிவிட்டார். இன்றைக்குச் செத்துவிடுவேன் என்று நினைத்தேன், கலிமாவும் சொல்லிவிட்டேன்.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் ஸைனம்பு மாமி குரவை இட்டா. அடுத்து கமீலா. பிறகு எதிர் வீடு, அதற்கடுத்த வீடு, கடற்கரைப் பக்கத்து வீடுகள் என்று தெருவும் ஒழுங்கையும் முழுக்கக் குரவை. ரேடியோச் சத்தம் எடுபடவில்லை. அவர் அடித்த கையை நிறுத்தி, "ஆருக்குக் கலியாணம்?" என்று என்னிடமே கேட்டார். கேட்டுக்கொண்டே போய்க் கதவைத் திறந்தார். பட்டி கையிலேயே இருந்தது.

வெளியே ஜும்ஆ முடிந்து வந்த ஆண்கள் எல்லோரும் நின்றார்கள். அச்சிமுகம்மது மரைக்கார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "எந்த ஊட்டுல மாப்புள?" என்று விசாரித்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள் பலகாரத்துக்காக முன்னால் வந்து நின்றார்கள். எல்லோரும் பட்டியைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். அவர் சிரித்தார். "ஒண்டுமில்ல, இவ விழுந்து..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை. ஸைனம்பு மாமியின் உலக்கை அவருடைய முழங்காலில் விழுந்தது.

"பழைய ஊருட வழக்கம் மாஸ்டர்," என்றா மாமி. "நீங்கதானே வாசிச்சிக் காட்டினீங்க."

மா இடிக்கும் பெண்களின் கை பலம் உங்களுக்குத் தெரியாது. ஆண்கள் யாரும் தடுக்கவில்லை. நானும் வெளியே வந்து மாமியிடமிருந்து உலக்கையை வாங்கினேன். முறியாத விரல்களால் பிடித்து அவருடைய தோளில் போட்டேன். எலும்பு போன சத்தம் கேட்டது. மரைக்கார், "போதும் புள்ள" என்றார். எனக்குப் போதவில்லை. இன்னும் போட்டேன். கை ஓய்ந்த பிறகுதான் விட்டேன். அதற்காக நான் வருந்தவில்லை, வருந்தச் சொல்லி நீங்களும் எழுத வேண்டாம்.

அவருடைய பெட்டியை ஒழுங்கையில் வைத்தோம். மருதமுனையிலிருந்து அவருடைய ஆட்கள் வண்டி கொண்டுவந்து ஏற்றிப் போனார்கள். விவாகரத்துக் கேட்டுக் காதியாரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதல் சாட்சி மரைக்கார். உறுதியில் என் ஒப்பம் இல்லை. வீடு சுல்பிகாவுக்குத்தான்.

அந்த மூக்குத்திக்காரி உங்கள் புளுகு என்பது எனக்கு அப்போதே தெரியும். ஸைனம்பு மாமிக்கு இன்னும் தெரியாது. அந்தச் சனம் நம் சொந்தமாக இருக்கும் என்று மற்றப் பெண்களுக்குச் சொல்லிக்கொண்டு திரிகிறா. நானும் மறுக்கவில்லை. அந்தப் புளுகினால்தான் உயிரோடு இருக்கிறேன். அதை மறக்கமாட்டேன்.

நேற்று உங்களுடைய கடிதம் வந்தது, அவருடைய பெயருக்கு. இவ்வளவு காலம் என் கடிதங்களை அவர் வாசித்தார். இதை நான் வாசித்தேன்.

காக்கா, அவர் என் கழுத்தில் கை வைக்கும் தூரத்தில் நின்றார். நான் மாட்டேன் என்றேன். உங்களுக்கும் அவருக்கும் இடையில் எத்தனையோ கடல் இருந்தது. நீங்கள் கோபிக்க வேண்டாம் என்றீர்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ஒருத்திக்கு மூக்குத்தியும் தண்டையும் போட்டு, அவளைக் கிணற்றிலிருந்து தூக்கிவிட உங்களுக்கு முடிந்தது. "என் தங்கச்சி மேல் கை வைக்காதே" என்று ஒரு வரி எழுத முடியவில்லை. எழுதினால் அடி எனக்குத்தான் விழும் என்று பயந்தீர்களாம், மாமி சொன்னா. அடி எப்படியும் விழுந்தது. அந்த வரி ஒன்று வந்திருந்தால், வாங்கும்போது எனக்கும் ஆள் இருக்கிறது என்று நினைத்திருப்பேன்.

அந்தக் கடிதத்தைத் திருப்பித் திருப்பி வாசித்தேன். சிநேகம் இருக்கிறது, கைக்கடிகாரம் இருக்கிறது. என் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸகியா